முயற்கொம்பைக் கண்டவர்

கடந்த 2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் நகரத்துப் புல்வெளியில் எடுக்கப்பட்ட படம். ஒரு காட்டு முயலின் முகத்திலிருந்து கரிய முட்களும் கொம்புகளும் போன்ற வளர்ச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அனுப்பியவர் எங்கள் ஊர்ப் பாவு பட்டறைக்காரர். உலகம் அழியப் போகிறதா என்று கேட்டிருந்தார். அடுத்த இரண்டு நாள்களில் அதே படம் வேறு ஐந்தாறு பேரிடமிருந்தும் வந்து சேர்ந்தது.

இளம்பிள்ளையில் பிறந்தவர்களுக்கு முயல் புதிதன்று. நான் சிறுவனாக இருந்த காலத்தில் கஞ்சமலை அடிவாரத்து நிலக்கடலைக் காடுகளிலும் மரவள்ளிக் காடுகளிலும் அந்தி மயங்கியதும் முயல்கள் இறங்கும். வலையும் நாயுமாகச் செல்வோர் இருந்தார்கள். சட்டம் அதை இப்போது தடுக்கிறது. கால் ஊனமான முயலையும், காது கிழிந்த முயலையும், உண்ணி மொய்த்துக் கண் மூடிய முயலையும் கண்டிருக்கிறேன். கொம்பு முளைத்த முயலைக் கண்டதில்லை. கண்டிருக்கவும் முடியாது. இல்லாத பொருளுக்கு நம் முன்னோர் காட்டிய உவமையே முயற்கொம்புதான். ஆகாயத் தாமரை, மலடி மகன், ஆமை மயிர்க் கம்பலம் என்று தருக்க நூலார் அடுக்கும் இன்மைப் பொருள்களின் வரிசையில் அதற்கு நிலையான இடம் உண்டு.

ஆனால் முயற்கொம்பு உண்டு என்பதைக் கையில் எடுத்து, அரைத்து, வடிகட்டி மெய்ப்பித்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரிச்சர்ட் எட்வின் ஷோப். மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவ நுண்ணுயிரியலில் அவர் பெயர் நிலைபெற்றது; நம் பக்கத்தில் அறிந்தோர் குறைவு. நான் பொருளியல் படித்தவன். அவரைப் பற்றிப் படிக்க நேர்ந்த காரணம் என் குடும்பத்தைச் சார்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஷோப் 1901ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். பரந்த சோள வயல்களும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த மாநிலம் அது. வேட்டையிலும் மீன்பிடிப்பதிலும் வளர்ந்த பிள்ளைக்கு வனவியல் படிக்கவே விருப்பம். சேரச் சென்ற நாளில் கல்லூரிப் பதிவு அலுவலகம் மூடியிருந்ததாகவும், அதனால் வேறு ஊருக்கு வண்டியேறி மருத்துவப் படிப்பில் சேர்ந்துவிட்டதாகவும் சொல்வார்கள். மாணவர் சேர்க்கைப் பணியில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இக்கதையை நம்ப எனக்குத் தயக்கமில்லை. எத்தனையோ பிள்ளைகளின் வாழ்வை ஒரு மூடிய சன்னல் தீர்மானித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1924இல் அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பார்க்கும் தொழிலில் இறங்கவில்லை. அடுத்த ஆண்டே, பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் விலங்கு நோய்ப் பிரிவில் பால் லூயிஸ் என்பவரின் கீழ்ச் சேர்ந்தார். பன்றிக் காலரா நோயை ஆராய்வதற்காகச் சொந்த மாநிலத்துக்கே அனுப்பப்பட்டபோது, அங்கே இலையுதிர் காலந்தோறும் பன்றிகளைத் தாக்கிய வேறொரு காய்ச்சல் அவர் கண்ணில் பட்டது. 1918இல் உலகைச் சூறையாடிய இன்ஃபுளுயென்சா மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த அதே வேளையில் அயோவாப் பன்றிகளும் இருமிச் செத்தன. கோன் என்ற கால்நடை மருத்துவர், இரண்டும் ஒரே நோய் என்று அப்போதே சொல்லிப் பண்ணையாளர்களின் கோபத்துக்கு ஆளாகியிருந்தார். பன்றி இறைச்சியை யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் கவலை.

ஷோப் 1931இல் பன்றிக் காய்ச்சலின் தீநுண்மியைப் பிரித்துக் காட்டினார். தீநுண்மியை மட்டும் செலுத்தினால் பன்றிக்கு இலேசான நோய். உடன் ஒருவகை பாக்டீரியாவையும் சேர்த்தால் கடும் நோய். மனித இன்ஃபுளுயென்சாவின் தீநுண்மியை இலண்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1933இல்தான். 1918இன் கொள்ளைநோயைக் கடந்து வந்தவர்களின் குருதியில் பன்றித் தீநுண்மிக்கு எதிரான ஆற்றல் இருப்பதையும் ஷோப் பின்னர் எடுத்துக்காட்டினார். இதற்கிடையே 1929இல், மஞ்சள் காய்ச்சலை ஆராயப் பிரேசில் சென்ற அவர் ஆசான் லூயிஸ் அந்நோய்க்கே பலியானார். இந்த ஒரு பணியே ஒரு மனிதரின் புகழுக்குப் போதும். ஆனால் நான் சொல்ல வந்தது முயல்களைப் பற்றி.

ஆய்வகத்தில் அமர்ந்தபோதும் ஷோப் வேட்டையை விடவில்லை. பிரின்ஸ்டன் பக்கத்தில் சுடப்பட்ட பஞ்சுவால் முயல் ஒன்றின் கால்களில் தோலுக்கடியில் கட்டிகள் இருந்தன. மற்றவர்கள் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்திருப்பார்கள். அவர் கட்டியை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். அது வேறு முயல்களுக்கும் தொற்றும் நார்க்கட்டி என்றும், தீநுண்மியால் வருவதென்றும் 1932இல் வெளியிட்டார். அந்த எளிய கட்டி வந்து ஆறிய முயல், மிக்சோமா என்னும் கொடிய முயல் நோய்க்குத் தப்பித்துவிடுவதையும் கண்டறிந்தார். மாட்டு அம்மைக்கும் பெரியம்மைக்கும் இடையே ஜென்னர் கண்ட உறவு போன்றது இது.

அதன்பின் கொம்பு வந்தது. அயோவாவில் தாம் கண்ட கொம்பு முயல்களைப் பற்றி வேட்டைத் துணைவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார் என்பர். கேட்பவர் சிரித்துவிட்டுப் போகும் கதைதான். ஐரோப்பாவின் பழைய விலங்கு நூல்களிலும் கொம்பு முயலின் படங்கள் உண்டு. தனி இனம் என்று கூட எழுதி வைத்தார்கள். பிற்கால அறிஞர்கள் அதைக் கட்டுக்கதை என்று தள்ளினார்கள். அதே 1930களில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பாடம் செய்த முயலின் தலையில் மான்கொம்பைப் பொருத்தி வேடிக்கைப் பொருளாக விற்கத் தொடங்கினார்கள். நம்பியவர்கள் புது இனம் என்றார்கள். நம்பாதவர்கள் பொய் என்றார்கள். நோயாக இருக்கலாமே என்று கேட்டவர்தான் ஷோப்.

அவர் அந்தக் கொம்புகளை வரவழைத்தார். அயோவாவிலிருந்தும் கான்சாஸ் மாநிலத்து வேட்டைக்காரர்களிடமிருந்தும் அவருக்குக் கொம்பு முயல்கள் கிடைத்தன. அவை எலும்புக் கொம்புகள் அல்ல; நம் நகத்தையும் மாட்டுக் குளம்பையும் போலக் கெட்டித்துப்போன தோல், அதாவது மிகையாக வளர்ந்த மருக்கள். சில முயல்களுக்கு அவை வாயைச் சுற்றி வளர்ந்து, புல்லைக் கடிக்க விடாமல் பட்டினியால் கொல்லும். ஷோப் அவற்றை அரைத்துக் கரைசலாக்கி, பாக்டீரியாவும் புக முடியாத நுண்துளை வடிகட்டியில் வடித்தார். வடிந்த தெளிநீரை, இலேசாகக் கீறிய முயல்தோலில் தடவினார். ஒரு வாரம், பத்து நாள்களில் அந்த இடத்தில் மரு எழும்பியது. கண்ணுக்குத் தெரியாத, வடிகட்டியில் சிக்காத ஏதோ ஒன்று கொம்பை வளர்க்கிறது என்பது உறுதியாயிற்று. 1933இல் அக்கட்டுரை வெளியானது. அத்தீநுண்மி இன்றளவும் ஷோப்பின் பெயரால் அழைக்கப்படுகிறது. கொலராடோ முயலின் முகத்தில் இருந்ததும் அதுவே. உண்ணி, கொசு முதலியவற்றால் முயலுக்கு முயல் பரவும். மனிதருக்கோ நாய் பூனைக்கோ தொற்றாது. பாவு பட்டறைக்காரருக்கு இதைச் சொன்னபோது சற்று ஏமாற்றம் அடைந்தார் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆய்வில் ஒரு புதிர் எஞ்சியது. காட்டு முயலின் மருவிலிருந்து தீநுண்மியை எளிதில் மீட்டெடுக்க முடிந்தது. அதையே வீட்டு முயலுக்குத் தடவினால் மரு வளரும். ஆனால் அம்மருவை அரைத்து அடுத்த முயலுக்குத் தடவினால் பெரும்பாலும் ஒன்றும் நேராது. கட்டி இருக்கிறது, கட்டியை உண்டாக்கியதைக் காணவில்லை. திருடன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான் என்பது உலகுக்கு விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இங்கே ஷோப் செய்த ஒரு செயல், என் துறைசார்ந்து என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் நியூயார்க் ஆய்வகத்தில் பெய்டன் ரௌஸ் என்ற மூத்த ஆய்வாளர் இருந்தார். கோழிகளுக்கு வரும் ஒரு புற்றுநோயைத் தீநுண்மி உண்டாக்குகிறது என்று 1911இலேயே காட்டியவர். கோழிக்கு வருவது மனிதருக்கு எதற்கு என்று உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. அவரும் சோர்ந்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். முயல் மருக்கள் சில நாளடைவில் வேறு உருவெடுப்பதைக் கண்ட ஷோப், தம் தீநுண்மியையும் ஆய்வுத் திசையையும் ரௌஸின் கையில் ஒப்படைத்தார். ரௌஸும் அவர் துணைவர் பியர்டும், வீட்டு முயல்களில் அம்மருக்கள் உண்மையான புற்றாக மாறிப் பரவுவதை 1930களின் நடுவில் மெய்ப்பித்தார்கள். பாலூட்டி விலங்கில் தீநுண்மி ஒன்று புற்றுநோய்க்கு வித்திடும் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது.

அறிவு என்பது ஒருவர் நுகர்ந்தால் மற்றவருக்குக் குறையாத பொருள் என்று வகுப்பறையில் முப்பதாண்டுகள் பாடம் நடத்தினேன். குறையாது என்பது சரி. ஆனால் புகழ் குறையும். அதனால்தான் ஆய்வாளர்கள் மாதிரிகளைப் பூட்டி வைக்கிறார்கள். என் சொந்த முனைவர் பட்ட ஆய்வுக்குத் திரட்டிய தறிக் கணக்கெடுப்புத் தாள்களை, கேட்டு வந்த இளையவர் ஒருவருக்குக் கொடுக்காமல் மூன்று ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்தவன் நான். ஷோப்பைப் படித்தபோது அந்த அலமாரி நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் தோன்றியது. முயலுக்கு ஏன் கொம்பு முளைக்கிறது என்று ஆராய நிதி கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால், நான் உறுப்பினராக இருந்த எந்தக் குழுவும் அதை இரண்டாம் பக்கம் வரை படித்திருக்காது.

போர்க்காலத்தில் ஷோப்பின் பணி வேறு பக்கம் திரும்பியது. எதிரிகள் கால்நடைக் கொள்ளைநோயைப் பரப்பக்கூடும் என்ற அச்சத்தில், கனடாவின் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றுத் தீவு ஒன்றில் அமெரிக்காவும் கனடாவும் இணைந்து நடத்திய ஆய்வில் அவர் முதன்மைப் பங்கேற்றார். கோழி முட்டைக் கருவில் வளர்த்து வலுவிழக்கச் செய்த தடுப்பூசி ஒன்று அங்கே உருவானது. அது எந்த நோய்க்கு என்று கேட்டால் நம் ஊர் முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மாட்டு வெக்கை நோய்க்கு! பட்டி பட்டியாக மாடுகளைச் சாய்த்த அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்குப் பல நாட்டவரின் பல தடுப்பூசிகள் காரணம்; வரிசையில் இந்தத் தீவின் பங்கும் உண்டு.

பின்னர்க் கடற்படை மருத்துவராகப் பசிபிக் பெருங்கடலின் குவாம் தீவில் இருந்தார். புழுக்கம் மிகுந்த அத்தீவில், அவர் மனைவி ஹெலனின் நிழற்படத்து உறைமேல் பூஞ்சணம் படர்ந்தது. துடைத்தெறிய வேண்டிய அதையும் அவர் பத்திரப்படுத்தினார். தீநுண்மிகளுக்கு எதிராக விலங்குகளைக் காக்கும் பொருள் ஒன்று அதிலிருந்து கிடைத்தது. அதற்கு ஹெலனின் என்றே பெயரிட்டார். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது அவர் மறைந்த பிறகுதான் தெளிவாயிற்று. உடலின் சொந்தக் காவல் பொருளான இன்டர்ஃபெரானை அது சுரக்கச் செய்கிறது. மனைவியின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் இவ்வளவு முறையாக ஏறிய வேறு நிகழ்வை நான் அறியேன்.

1957இல் லாஸ்கர் விருது பெற்றார். மகன்களில் ஒருவரான ராபர்ட் ஷோப், பூச்சிகளால் பரவும் தீநுண்மிகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். ரிச்சர்ட் ஷோப் 1966 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். அதே மாதத்தில், சில நாள்கள் கழித்து, பெய்டன் ரௌஸுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கோழிப் புற்றைக் கண்டு 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. ரௌஸின் வயது 87.

முயற்கொம்பின் கதை அத்துடன் முடியவில்லை. ஷோப்பின் தீநுண்மியும் மனித மருக்களை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற தீநுண்மியும் ஒரே குடும்பம். பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றே காரணமாக இருக்கலாம் என்று ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் 1970களில் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. வீட்டு முயலின் புதிர் அவருக்குக் கைகொடுத்தது. கட்டிக்குள் முழுத் தீநுண்மியைத் தேடாமல், உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் அதன் மரபுப் பொருளை அவர் தேடினார். 1983, 1984 ஆண்டுகளில் அவருடைய குழு 16, 18 என்ற எண்களால் குறிக்கப்படும் இரண்டு வகைகளைக் கண்டுபிடித்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தீநுண்மியைத் தோலில் அன்றி வேறு வழியில் செலுத்தினால் முயலுக்கு மரு வராமல் தடுக்கலாம் என்று ஷோப் 1937இலேயே எழுதியிருந்தார். 1990களில், தீநுண்மியின் வெற்றுறையை மட்டும் கொண்டு செய்த தடுப்பூசியைச் சோதிக்கவும் அதே முயல்கள்தாம் உதவின. மனிதர்களுக்கான தடுப்பூசி 2006இல் வந்தது.

என் குடும்பத்துக்கு அது காலம் கடந்த வரவு. என் அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர். தறிக்குழியில் அவர் உட்கார்ந்து நெய்த சேலைகளின் கூலியில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். விடுமுறையில் வந்தால் அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பேன். இடையிடையே உதிரம் படுவதை அவர் ஓராண்டுக்கும் மேலாக யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம், அதோடு பண்டிகைக்கான சேலைகளை முடித்தாக வேண்டிய நெருக்கடி. மருத்துவரிடம் அழைத்துப் போனபோது நோய் முற்றியிருந்தது. 1994இல் 42ஆம் வயதில் இறந்தார். நான் அப்போது பொருளியல் முனைவர். நோய்க்குக் காரணம் என்னவென்று கேட்டவர்களிடம் விதி என்று சொன்னேன்.

2022ஆம் ஆண்டின் உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் இது மெதுவாக வளரும் நோய். முன்கூட்டிக் கண்டால் தீர்க்கக்கூடியது. கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தறியும் எளிய சோதனை போதும். திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் அச்சோதனையை நடத்திய பெரும் ஆய்வு 2007இல் வெளியானது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. வெளிநாட்டு எடுத்துக்காட்டு எதுவும் நமக்குத் தேவையில்லை. நம் பெண்களைக் கொண்டே மெய்ப்பிக்கப்பட்டது அது. எங்கள் ஊரில் தறியிலும் பட்டறையிலும் உழைக்கும் நாற்பது வயதுப் பெண்களில் எத்தனை பேர் அச்சோதனையைச் செய்துகொண்டார்கள் என்று உறவுக்குள் கேட்டுப் பார்த்தேன். கேட்ட பதினொரு பேரில் ஒருவர்.

இந்தியாவிலேயே செய்யப்படும் தடுப்பூசி இப்போது இருக்கிறது. 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக இதைச் செலுத்தத் தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஒரே தவணையும் போதிய காப்பளிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டதால் செலவும் குறைகிறது. பொருளியலாளர் கணக்கில் இதைவிட ஆதாயமான பொதுச் செலவு அரிது. ஆனால் தடையாக நிற்பது பணம் மட்டும் அன்று.

என் அக்காவின் மகளுக்கு 14 வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பள்ளியில் தடுப்பூசியைப் பற்றிச் சொன்னதாக வந்து சொன்னாள். அக்கா மகள் என்னிடம் வந்து, மாமா, இது போட்டால் பிள்ளைப்பேறு நின்றுவிடும் என்கிறார்களே என்று கேட்டாள். அதற்குச் சான்று எதுவும் இல்லை, பல நாடுகளில் கோடிக்கணக்கான சிறுமியருக்குச் செலுத்தியாயிற்று என்றேன். உடலுறவால் பரவும் நோய்க்கான ஊசியைச் சின்னப் பெண்ணுக்குப் போட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது அவளுடைய அடுத்த தயக்கம். அவள் அம்மாவும் நாலு பேரை நினைத்துத்தான் ஓராண்டு வாய் திறக்காமல் இருந்தார் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அவள் முகத்தைப் பார்த்தபோது, அவளே அதை நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

பிறகு கைப்பேசியை எடுத்துக் கொலராடோ முயலின் படத்தைக் காட்டி, ஷோப்பின் கதையை இருவருக்கும் சொன்னேன். பேத்தி முழுவதையும் கேட்டாள். அவளுக்கு நோபல் பரிசைப் பற்றி அக்கறையில்லை. அந்த முயல் பிழைக்குமா என்று கேட்டாள். சில முயல்களுக்குக் கொம்பு தானாகவே காய்ந்து உதிர்ந்துவிடும், உடல் எதிர்த்து வென்றுவிடும் என்றேன். சிலவற்றுக்கு உதிராதா என்றாள். உதிராது என்றேன்.

வரும் வியாழக்கிழமை சேலத்துக்குப் போகிறோம். அக்கா மகள் அன்று பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். தனக்கும் அந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்றாள். இளம்பிள்ளையிலிருந்து காலை 7 மணிப் பேருந்து.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).